வேலை பூட்ஸ் வாங்குவது எப்படி: சேலத்துத் தரைகளை முன்வைத்து

காலணிக் கடையில் ஏறியதும் காதில் விழும் முதல் கேள்வி ‘எத்தனாம் நம்பர்?’ என்பது, அடுத்தது ‘என்ன விலையில பார்க்கறீங்க?’ என்பது. நாள் முழுதும் நின்றபடியோ நடந்தபடியோ வேலை செய்பவர் இவ்விரண்டுக்கும் விடை சொல்வதற்கு முன்பே, தாம் நிற்கும் தரை எத்தகையது என்பதை முடிவுசெய்துகொண்டு கடைக்குப் போக வேண்டும். சேலத்தில் இது பெரும்பாலான ஊர்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும். கஞ்சமலை அடிவாரத்து உருக்காலையில் சூடும் எண்ணெயும் கண்ட சிமெண்டுத் தரை. செட்டிச்சாவடிப் பக்கத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கங்களில் விளிம்பு கூரிய கல். ஆத்தூர் வழியில் உள்ள சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் காயாத ஈரம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சருகு மூடிய சரிவு. இத்தனையும் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன; ஒன்றுக்கென வாங்கிய பூட்ஸ் மற்றொன்றில் சொல்லாமல் கொள்ளாமல் காலை வாரிவிடும்.

சேகோ ஆலையிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் அங்கேதான் தவறான காலணி அதிகம் தென்படுகிறது. மரவள்ளிக்கிழங்கைக் கழுவும் இடத்தில் தோலும் மண்ணும் கலந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அரைத்த கிழங்கின் பாலைத் தெளியவிடும் தொட்டிகளின் ஓரத்தில் மாவு வழிந்து தரையில் படியும். ஈர மாவு வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் காய்ந்து பொடியான மாவும் சிமெண்டின் மீது வழுக்கும். இங்கே தோல் பூட்ஸ் சில மாதங்கள்கூட உருப்படியாக இருக்காது. முழங்காலுக்குக் கீழ்வரை வரும் கம் பூட்ஸ்தான் ஏற்றது. அதன் அடிப்பாகத்தில் பள்ளங்கள் குறுகலாக இருந்தால் மாவு அடைத்துக்கொண்டு, அரைமணி நேரத்தில் அடி வழவழப்பான பலகையாகிவிடும். ஆகவே பள்ளங்கள் அகலமாகவும், உள்ளே சிக்கிய தண்ணீரும் மாவும் ஓரம் வழியாக வெளியேறும்படி திறந்தும் இருக்கின்றனவா என்று பூட்ஸைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மசகெண்ணெயும் கொழுப்பும் புழங்காத பகுதியில் பி.வி.சி. கம் பூட்ஸ் போதும், விலையும் குறைவு. ஆனால் மணிகளை வறுக்கும் அடுப்பருகே வேலை செய்பவருக்கு அது கூடாது, சூட்டில் இளகிவிடும்.

வெள்ளைக்கல் வெட்டும் இடத்தில் கதை வேறு. அங்கே தேவைப்படுவது மூன்று: விரல்களின் மேல் கடினமான முகப்பு, அடியில் கூர்மையான கல்லோ ஆணியோ துளைக்காத தகடு, கணுக்காலை மூடும் உயரம். அடித்தகடு எஃகிலும் வரும், இறுக நெய்த செயற்கை இழைத் துணியிலும் வரும். எஃகுத் தகடு மெல்லிய ஆணியையும் தடுக்கும், ஆனால் விறைப்பானது. இழைத்தகடு காலோடு வளையும், பாதத்தின் ஓரம்வரை முழுமையாக மூடும், எடையும் குறைவு, ஆனால் மிக மெல்லிய கூர்முனையை அது அவ்வளவு உறுதியாகத் தடுக்காது. நாள் முழுதும் ஏறி இறங்கும் சுரங்கத் தொழிலாளிக்கு இழைத்தகடே மேல் என்பது என் கருத்து. ஆணிப் பலகைகள் சிதறிக் கிடக்கும் கட்டட வேலைக்கு எஃகே இருக்கட்டும்.

உருக்கு, வார்ப்பு ஆலைகளில் அடிப்பாகத்தின் பொருளைத்தான் முதலில் கேட்க வேண்டும். பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன் அடி இலகுவானது, மெத்தென்றிருக்கும், ஆனால் சூடான உலோகத் துணுக்கின் மேல் மிதித்தால் உருகிக் குழி விழும். நைட்ரைல் ரப்பர் அடி கனமானது, ஆனால் சூட்டையும் எண்ணெயையும் தாங்கும். காலணியின் மேல் எச்.ஆர்.ஓ. என்ற எழுத்துகள் இருந்தால், 300 டிகிரி செல்சியஸ் சூட்டை ஒரு நிமிடம் தொட்டிருந்தும் அதன் அடி சேதமாகாமல் சோதனையில் தேறியது என்று பொருள். நடுவில் பி.யூ., தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் என இரண்டடுக்காக வருவதே இவ்வேலைக்குப் பொருத்தம். உருகிய உலோகம் தெறிக்கும் இடத்தில் நிற்பவர்கள் லேஸ் கட்டும் பூட்ஸைத் தவிர்ப்பது நல்லது. நாக்குப் பகுதியின் இடுக்கில் ஒரு துளி விழுந்தால் அவிழ்க்கும் நேரத்துக்குள் சதை வெந்துவிடும். ஒரே இழுப்பில் கழற்றக்கூடியதும், கால்சட்டையின் உள்ளே போவதுமான வகை இதற்கென்றே கிடைக்கிறது.

ஏற்காட்டுக்கு ஏறுவோம். ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் மழைக்காலத்தில் அட்டையும், காப்பிப் பழம் பறிக்கும் மார்கழி, தை மாதங்களில் காலைப் பனியும் காலணியின் விதியை எழுதுகின்றன. தோட்டங்களில் கம் பூட்ஸ் பரவலாக இருப்பதற்குக் காரணம் அட்டையும் பாம்பும்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் கம் பூட்ஸுக்குள் பாதம் இறுகிப் பிடிக்கப்படுவதில்லை. சமதளத்தில் இது தெரியாது. சரிவில் கூடையோடு இறங்கும்போது பாதம் முன்னே வழுக்கிப் பெருவிரல் நகம் முகப்பில் இடிக்கும், பருவம் முடிவதற்குள் நகம் கறுத்துவிடும். ஆகவே ஒரே பாத்தியில் நின்று களையெடுப்பவருக்குக் கம் பூட்ஸ் சரி. நாளெல்லாம் தோட்டத்தைச் சுற்றி வரும் மேஸ்திரிக்கும், மரத்தில் மிளகு பறிக்க ஏணி சுமப்பவருக்கும் கணுக்காலுக்கு மேல் லேஸ் கட்டும் தோல் பூட்ஸும், அதன்மேல் முழங்கால்வரை இழுத்துக் கட்டும் அட்டைத் தடுப்புத் துணியுறையும் சேர்ந்தே ஏற்றவை. சரிவுக்கு வாங்கும் பூட்ஸில் குதிகால் தனிப் படியாக உயர்ந்து நிற்க வேண்டும். அடி முழுவதும் ஒரே மட்டமாக இருந்தால் இறங்கும்போது ஊன்றிப் பிடிக்க இடமிருக்காது. அடியிலுள்ள முட்டுகள் ஆழமாகவும் விலகியும் இருக்க வேண்டும். நெருங்கி இருந்தால் செம்மண் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு காலும் அரைக்கிலோ கூடிவிடும்.

ஜவுளிக்கடை, நகைக்கடை, மருத்துவமனை என்று பளிங்குத் தரையில் நிற்பவர்களுக்குக் கனமான பூட்ஸ் வீண் சுமை. விரல் முகப்பு இல்லாத, வழுக்காத, குதிகாலில் நல்ல மெத்தை கொண்ட மூடிய காலணி அவர்களுக்குப் போதும். அவர்களுடைய வலிக்குக் காரணம் தரையின் கடினம் மட்டுமன்று, அசையாமல் நிற்பதும்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்யப்பட்ட திருத்தம், பணியாளர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்வதற்கு இருக்கை தர வேண்டும் என்று கடைக்காரர்களைக் கட்டாயப்படுத்துகிறது. அந்த இருக்கையை எந்தக் காலணியும் ஈடுசெய்யாது.

தரை முடிவானபின் முத்திரையைப் பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 15298 என்ற எண் வேலைக் காலணிகளுக்கு உரியது; அதன் பகுதி எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பகுதி 2 என்றால் விரல் முகப்பு 200 ஜூல் மோதலைத் தாங்கும். அதாவது 20 கிலோ எடை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் விரல் நசுங்காது. பகுதி 3 அதில் பாதியை, அதாவது 100 ஜூலைத் தாங்கும். பகுதி 4இல் முகப்புக் கவசமே கிடையாது. மூன்றும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும், கடைக்காரர் மூன்றையும் ‘சேஃப்டி ஷூ’ என்றே சொல்வார். ஆகையால் எழுத்தைப் படிப்பது வாங்குபவரின் வேலை. காலணியின் மேல் எஸ் என்று தொடங்கும் குறியையும் அப்படியே படிக்க வேண்டும். எஸ்1 என்றால் குதிகாலில் அதிர்வு தாங்கும் தன்மையும் நிலைமின்சாரம் தேங்காத தன்மையும் உண்டு. எஸ்1பி என்றால் துளைக்காத அடித்தகடும் சேரும். எஸ்2 என்றால் மேற்பகுதி எளிதில் நீர் இறங்காதது. எஸ்3 என்றால் இவை அனைத்தோடு பள்ளம் வெட்டிய அடியும் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை அதே அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால் அது உண்மையானதா என்பது உடனே தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே செய்யலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை: நிலைமின்சாரத்தைக் கடத்தும் காலணி, மின்னதிர்ச்சியிலிருந்து காக்கும் காலணி அன்று. மின்கம்பத்திலும் மின்பலகையிலும் வேலை செய்பவருக்கு மின்காப்புக் காலணி என்று தனியே உண்டு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவது உயிருக்கு ஆபத்து.

முத்திரையோடு தயாரித்த ஆண்டும் மாதமும் அல்லது காலாண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். இதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் பார்த்தே ஆக வேண்டும். பி.யூ. அடி, அணியாமல் பெட்டியில் கிடந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தால் உள்ளுக்குள் சிதையும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். தகரக்கூரைக் கிடங்கில் மூன்று நான்கு கோடைகளைக் கடந்த ‘புது’ பூட்ஸ், வாங்கிய சில வாரங்களில் அதிரசம்போல உதிர்ந்து விழுவதற்கு இதுவே காரணம். தள்ளுபடி விலையில் குவித்து வைத்திருக்கும் பெட்டிகளில் முதலில் தேட வேண்டியது இந்தத் தேதியைத்தான்.

இனி பூட்ஸைக் கையில் எடுத்துச் சோதிக்கும் முறை. முதலில் உள்ளே, பாதத்துக்கு அடியில் கிடக்கும் மெத்தையான இன்சோலை விரலால் நெம்பி வெளியே எடுங்கள். வெளிவராமல் ஒட்டியிருந்தால் அது ஒரு குறை, ஏனெனில் நாளை மாற்றவோ காயவைக்கவோ இயலாது. வெளியே வந்தால் கட்டைவிரலால் குதிகால் பகுதியை அழுத்திவிட்டு விரலை எடுங்கள். குழி உடனே நிமிர வேண்டும், மெல்ல நிமிர்ந்தால் அந்தப் பஞ்சு ஒரு மாதத்தில் அப்பளமாகும் என்று அறிந்துகொள்ளலாம். இன்சோல் இருந்த இடத்தில் தெரியும் பலகை அட்டையா, நெய்த துணியா என்று பாருங்கள். சாதாரண அட்டை வியர்வையில் ஊறிச் சுருளும். பிறகு நாக்கின் ஓரத்திலோ லேஸ் துளைகளின் விளிம்பிலோ தோலின் வெட்டுமுகத்தைக் கவனியுங்கள். மேலே மெல்லிய நெகிழிப் படலமும் கீழே தளர்ந்த நார்களும் தனித்தனியே தெரிந்தால் அது பிளந்த தோலின் மேல் பூச்சு பூசியது. மடிப்பு விழும் இடத்தில் முதலில் பூச்சு வெடிக்கும், பிறகு தண்ணீர் இறங்கும். மேலிருந்து கீழ்வரை ஒரே நெருக்கமான நாராகத் தெரிந்தால் அது மேல்தோல், நெடுநாள் உழைக்கும். ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் இருக்கும் மாநிலத்தில் நல்ல தோலுக்குப் பஞ்சமில்லை. கேட்டு வாங்குவதில்தான் பஞ்சம்.

அடுத்து, முகப்பையும் குதிகாலையும் இரு கைகளாலும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடியும் இடத்தில் மட்டுமே வளைய வேண்டும். நடுப்பாதத்தில் வளைந்தால் உள்ளே தாங்குத்தண்டு இல்லை என்று பொருள்; ஏணிப்படியில் நிற்பவருக்கு அது பாதத்தின் நடுவளைவை நோகடிக்கும். துணி பிழிவதுபோல் முறுக்கினால் சிறிதுதான் அசைய வேண்டும். குதிகால் பின்பக்கத்தைப் பெருவிரலால் அமுக்கினால் உள்ளே போகக்கூடாது.

அடி எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதே ஆயுளைத் தீர்மானிக்கும். நம் சந்தையில் பெரும்பாலானவை, நீர்ம நிலையிலுள்ள பி.யூ.வை நேரே மேற்பகுதியின்மேல் வார்த்தவை. இவை பிரிந்து வருவது அரிது, ஆனால் தேய்ந்தபின் அடி மாற்ற இயலாது. பசையால் ஒட்டியவை ஈரத்திலும் சூட்டிலும் வாய் பிளக்கும். விளிம்பில் ஒரு பட்டை வைத்து மேற்பகுதியையும் அடியையும் தைத்து இணைக்கும் ‘வெல்ட்’ வகையை இரண்டு மூன்று முறை அடி மாற்றி அணியலாம், ஆனால் விலை பல மடங்கு. தினக்கூலியில் வேலை செய்பவரிடம் ‘விலை உயர்ந்ததை வாங்கிப் பத்து ஆண்டு அணியுங்கள்’ என்று அறிவுரை சொல்வது எளிது. ஆயிரம் ரூபாயைச் சுற்றி வரும் முத்திரையுள்ள வார்ப்படி பூட்ஸ் இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றி அணிவதே அவருக்குப் பொருத்தம் என்று நான் கருதுகிறேன். அதன் காரணத்தைப் பராமரிப்புப் பகுதியில் சொல்கிறேன்.

அளவு பார்ப்பதற்கு மாலை நேரமே ஏற்றது. நாள் முழுதும் நின்ற பாதம் காலையில் இருந்ததைவிடச் சற்றுப் பருத்திருக்கும். வேலைக்கு அணியும் அதே சாக்ஸைக் கொண்டு செல்லுங்கள். உட்கார்ந்தபடி அளக்காமல் எழுந்து நின்று இரண்டு பாதங்களையும் அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானோருக்கு ஒரு பாதம் சற்று நீளமாக இருக்கும், அதற்கேற்பவே வாங்க வேண்டும். நீண்ட விரலுக்கும் முகப்புக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளி தேவை. கவசமுகப்பு உள்ள காலணியில் வெளியிலிருந்து அழுத்திப் பார்த்து இதை அறிய முடியாது. லேஸை அவிழ்த்துப் பாதத்தை முன்னே தள்ளி நின்றுகொண்டு, குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரல் இறுக்கமாக நுழைகிறதா என்று பார்ப்பதே வழி.

நீளத்தைவிட அகலத்தில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். சிறுவயதில் வெறுங்காலோடும் பிறகு செருப்போடும் வளர்ந்த பாதத்தின் விரல்பகுதி விரிந்திருக்கும். கடைகளில் உள்ள பூட்ஸ்களோ பெரும்பாலும் குறுகிய பாத அச்சில் உருவானவை. இறுகுகிறதென்று ஒரு நம்பர் கூட்டி வாங்கினால் நீளம் ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர் கூடுமே தவிர, அகலம் சிறிதே கூடும். குதிகால் தளர்ந்து கொப்புளம் வரும். அகலப் பொருத்தம் உண்டா என்று கேளுங்கள், இல்லையென்றால் வேறு நிறுவனத்தின் அச்சை அணிந்து பாருங்கள். இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் நின்றால், விரல்கள் எந்தப் பக்கம் வெளியே பிதுங்குகின்றன என்பது கண்ணுக்கே தெரியும். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தியப் பாதங்களுக்கென அளவுமுறை வகுப்பதற்காக நாடு தழுவிய அளவெடுப்பை நடத்தியிருக்கிறது; கடைகளில் அது நடைமுறைக்கு வரும்வரை இன்சோல் சோதனைதான் துணை.

பெண்களுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. சேகோ ஆலைகளிலும் காப்பித் தோட்டங்களிலும் பெண்களே பெருமளவில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு ஆண்களின் ஐந்தாம், ஆறாம் நம்பரை மொத்தமாக வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று இருந்துவிடும் நிர்வாகங்கள் உண்டு. பெண்களின் குதிகால் குறுகலானது. ஆண்களின் பூட்ஸில் அது மேலும் கீழும் உரசும். பெண்களுக்கான தனி அச்சில் பூட்ஸ் விற்பனைக்கு இருக்கும்போது அதைக் கேட்டுப் பெறுவதில் தயக்கம் வேண்டாம். சுரங்கத்தில் வேலை செய்பவருக்குப் பாதுகாப்புக் காலணியை இலவசமாக வழங்குவது சுரங்க விதிகளின்படி உரிமையாளரின் பொறுப்பு என்பதையும் இங்கே நினைவூட்டலாம்.

கடையில் நான்கு அடி நடந்துவிட்டுத் தலையாட்ட வேண்டாம். படிக்கட்டு இருந்தால் ஏறி இறங்குங்கள், குந்தி உட்கார்ந்து எழுங்கள். குந்தும்போது முகப்புக் கவசத்தின் பின்விளிம்பு விரல்மூட்டை வெட்டுகிறதென்றால் அந்த ஜோடி உங்களுக்கு ஆகாது, பழகினால் சரியாகிவிடும் என்ற சொல்லை நம்பாதீர்கள். தோல் பழகும், எஃகு பழகாது. வீட்டுக்கு வந்தபின் இரண்டு மூன்று நாள்கள் தரையைத் துடைத்துவிட்டு மாலையில் ஓரிரு மணி நேரம் வீட்டுக்குள்ளேயே அணிந்து பாருங்கள். அடி அழுக்காகாத வரை பெரும்பாலான கடைகளில் மாற்றிக்கொள்ளப் பேசலாம்.

இப்போது இரண்டு ஜோடி விஷயம். சேலத்துக் கோடையில் ஒரு நாள் வேலையில் பூட்ஸுக்குள் இறங்கும் வியர்வை மறுநாள் காலைக்குள் முழுதாகக் காய்வதில்லை. ஈரமான தோல் மடிப்பில் வெடிக்கும், ஈரமான பாதத்தில் சேற்றுப்புண் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் அணிந்தால் இரண்டு ஜோடியும் சேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக அணிந்து தேய்க்கும் இரண்டு ஜோடியைவிடக் கூடுதல் காலம் உழைக்கும். கழற்றியதும் இன்சோலை எடுத்து வெளியே வைத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, மின்விசிறிக் காற்றில் நிழலில் வையுங்கள். அடுப்போரமும் உச்சிவெயிலும் தோலை விறைக்கச் செய்யும், பசையை இளக்கும். தோல் பூட்ஸுக்கு மாதம் ஒருமுறை மெழுகுப் பாலிஷ் போதும். தேங்காயெண்ணெய் தேய்ப்பது பலரின் வழக்கம், அளவுக்கு மீறினால் தையல்நூலும் பசையும் தளரும். சாக்ஸில் முழுப் பருத்தியைவிடப் பருத்தியோடு செயற்கை இழை கலந்த தடித்த வகை நல்லது. முழுப் பருத்தி ஈரத்தைக் குடித்துக்கொண்டு விடாது. கம் பூட்ஸ் அணிபவர்கள் மதிய இடைவேளையில் மாற்ற ஒரு ஜோடி சாக்ஸைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இவற்றோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் உரசலும் கொப்புளமும் வலிக்காது, ஆகவே ‘இறுக்கமாகத் தெரியவில்லை’ என்பது அவர்களுக்குச் சான்றாகாது. அணியுமுன் உள்ளே கையை விட்டுத் தையல்முடிச்சோ கல்லோ இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும், இரவில் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதும் அன்றாட வழக்கமாக வேண்டும். மருத்துவமனைகளில் பரிந்துரைக்கும், நுண்துளை ரப்பராலான எம்.சி.ஆர். செருப்பு வீட்டுக்கும் கடைவீதிக்கும் ஏற்றது, கல் விழும் இடத்துக்கு அன்று. அங்கே அணியத்தக்க அகலமான பூட்ஸையும் அதற்குள் வைக்கும் மெத்தையையும் மருத்துவரைக் கேட்டே தேர்ந்தெடுக்க வேண்டும். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் சுரீரென்று வலித்தால், சர்க்கரை இல்லாதவர்களும் புது இன்சோலோடு மருத்துவரையும் நாட வேண்டும்.

எப்போது மாற்றுவது என்பதற்கு நாள்கணக்கு கிடையாது. பழைய ஜோடியை மேசையின் மேல் கண்மட்டத்தில் வைத்துப் பின்புறமிருந்து பாருங்கள். குதிகாலின் ஒரு பக்கம் தேய்ந்து பூட்ஸ் சாய்ந்து நின்றால், மேல்தோல் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது முழங்காலைச் சாய்த்து நடக்க வைக்கிறது என்று பொருள். நடு அடுக்கில் குறுக்கே மெல்லிய வரிகள் தெரிந்தாலும், அடியின் பள்ளங்கள் விரல்பகுதியில் மழுங்கியிருந்தாலும், மாற்றும் நேரம் வந்துவிட்டது. கனமான பொருள் ஒருமுறை விழுந்து அடிவாங்கிய கவசமுகப்பு வெளியே நசுங்கல் தெரியாவிட்டாலும் மறுமுறை அதே பலத்தைத் தாங்காது. அந்த ஜோடியை வீட்டு வேலைக்கோ தோட்ட வேலைக்கோ என்று தம்பிக்குக் கொடுக்காமல், முகப்பை வெட்டிவிட்டுக் குப்பையில் சேர்ப்பதே முறை.